துண்டை வீசும் உரிமை: குத்துச்சண்டையில் ‘போதும்’ என்று சொன்னவர்கள்

குத்துச்சண்டையில் ஒருவர் தோற்பதற்குப் பல வழிகள் உண்டு. கீழே விழுந்து எழாமல் போகலாம். நடுவர் சண்டையை நிறுத்திவிடலாம். புள்ளிக் கணக்கில் பின்தங்கலாம். இவற்றோடு இன்னொரு வழியும் இருக்கிறது. வீரருடைய சொந்தத் தரப்பே ‘போதும்’ என்று சொல்லிவிடுவது. மேடையின் மூலையில் தண்ணீர்ப் புட்டியோடும் வாளியோடும் நிற்பவர் ஒரு துண்டை எடுத்து உள்ளே வீசினால், அவருடைய ஆள் தோற்றார் என்று பொருள். எப்போது விலகுவது என்ற முடிவை விளையாடுபவரிடமிருந்து எடுத்து, பக்கத்தில் நிற்பவர் கையில் இவ்வளவு வெளிப்படையாகக் கொடுத்த விளையாட்டு வேறொன்றைக் காண்பது அரிது. தலையில் அடி வாங்கிக்கொண்டிருப்பவரால் தன் நிலையைத் தானே எடைபோட முடியாது. எடைபோட முடிந்தாலும், விலகக்கூடாது என்று பழக்கப்பட்டவர் விலகமாட்டார். இந்த இரண்டு உண்மைகளும் குத்துச்சண்டைக்காரர்களுக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தன.

1743இல் லண்டனில் ஜாக் பிராட்டன் தம் அரங்குக்காக எழுதிய விதிகளே இந்த விளையாட்டின் முதல் எழுத்துவடிவ விதிகள். பிராட்டன் அக்காலத்தின் பெயர்பெற்ற வீரர். அவரோடு மோதிய ஜார்ஜ் ஸ்டீவன்சன் அந்தச் சண்டையில் பட்ட அடியால் பின்னர் இறந்துபோனார். அந்த இறப்பே பிராட்டனை விதிகள் வகுக்கத் தூண்டியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அப்போது கையுறை கிடையாது, சுற்றுக்கு நேர வரம்பு கிடையாது, இத்தனை சுற்று என்ற கணக்கும் கிடையாது. மேடையின் நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கெஜச் சதுரம் வரைந்திருப்பார்கள். ஒருவர் விழுந்தால் சுற்று முடிந்தது. அரை நிமிடத்துக்குள் அவரை அவருடைய துணையாள் சதுரத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தோல்வி. தோல்வி தீர்மானமாவதற்கு இரண்டே வழிகளைப் பிராட்டன் வைத்தார். ஒன்று, குறித்த நேரத்துக்குள் கோட்டுக்கு வராமற்போவது. மற்றொன்று, துணையாள் தம் ஆள் தோற்றதாக அறிவிப்பது. எதிராளியிடம் பேச்சுக் கொடுத்து ‘விட்டுவிடு’ என்று சொல்லவும் துணையாட்களுக்குத் தடை இருந்தது. தளர்ந்த நேரத்தில் காதில் விழும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதைப் பிராட்டன் நன்றாக அறிந்திருக்கிறார். அந்தச் சொல் சொந்த மூலையிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நினைவிழந்தவரைக்கூடத் தூக்கிவந்து கோட்டருகே நிறுத்திவிட்டால் சண்டை தொடரும். பந்தயப் பணம் துணையாளின் கையைத் தள்ளும்போது அது நடக்கவும் செய்தது. 1838இல் ஓவன் ஸ்விஃப்ட்டோடு மோதிய ‘பிரைட்டன் பில்’ என்ற வீரர் இறந்தார். அதே ஆண்டில் வந்த லண்டன் பரிசுச் சண்டை விதிகள் இந்த ஓட்டையை அடைத்தன. 30 வினாடி ஓய்வுக்குப் பிறகு, 8 வினாடிக்குள் வீரர் யாருடைய கையையும் பிடிக்காமல் தாமே நடந்து கோட்டுக்கு வர வேண்டும். கால் சொல்வதைத்தான் இனிக் கணக்கில் எடுப்போம் என்று விதி சொன்னது. விலகுவதற்கான குறியும் இந்தக் காலத்தில்தான் உருப்பெற்றது. முகத்து இரத்தத்தைத் துடைக்க மூலையில் கடற்பஞ்சு வைத்திருப்பார்கள். அந்தப் பஞ்சை மேலே எறிந்தால், ‘இனித் துடைக்க வேலையில்லை, எங்கள் ஆள் விலகுகிறார்’ என்று எல்லோருக்கும் விளங்கும்.

வெறுங்கைக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற சண்டையில் யாரும் பஞ்சை எறியவில்லை. 1860 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டாம் சேயர்ஸ் அமெரிக்கரான ஜான் ஹீனனோடு மோதினார். ஹீனன் ஆறடிக்கு மேல் உயரம். சேயர்ஸ் அவரைவிட அரை அடி குள்ளம், எடையும் மிகக் குறைவு. தொடக்கத்திலேயே சேயர்ஸின் வலக்கை அடிபட்டுப் பயனற்றுப் போனது. ஒற்றைக் கையோடு அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஹீனனின் முகம் வீங்கிக் கண் மறைந்தது. இறுதியில் ஹீனன் சேயர்ஸின் கழுத்தைக் கயிற்றில் வைத்து அழுத்த, கயிறு அறுக்கப்பட்டு, கூட்டம் உள்ளே பாய்ந்து, வெற்றி தோல்வியில்லாமல் சண்டை முடிந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் இங்கே முக்கியம். மக்கள் சந்தா திரட்டி சேயர்ஸுக்கு 3,000 பவுண்டு நிதி சேர்த்தார்கள். அவர் இனிச் சண்டையிடக்கூடாது என்பது நிபந்தனை. மூலையில் நின்றவர்கள் செய்யாததைக் காசு போட்ட ஊர் செய்தது. விலகு என்று சொல்வதோடு நில்லாமல், விலகிய பின் பிழைக்க வழியும் செய்து கொடுத்தது. குத்துச்சண்டை வரலாற்றில் இது மறுபடி மிக அரிதாகவே நடந்திருக்கிறது. சேயர்ஸ் திரும்ப மேடையேறவில்லை, ஐந்தாண்டுகளில் இறந்துபோனார்.

பஞ்சு எறிந்து முடிந்த பெரிய சண்டை 1889 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரிச்பர்க் என்ற இடத்தில் நடந்தது. வெறுங்கை முறையில் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டச் சண்டை அதுதான். ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் கொளுத்தும் கோடை வெயிலில் 75 சுற்றுகள் மோதினார்கள். 44ஆவது சுற்றில் சல்லிவன் வாந்தியெடுத்தார், அப்போதும் விலகவில்லை. இறுதியில் கில்ரெய்ன் நிற்க முடியாத நிலைக்கு வந்தபோது, தொடர்ந்தால் உயிர் போகும் என்று மருத்துவர் எச்சரிக்க, அவருடைய துணையாள் மைக் டொனோவன் பஞ்சை எறிந்தார். கில்ரெய்னுக்கு அதில் சம்மதமில்லை. டொனோவன் தாமே பட்டம் வென்ற வீரர். அந்த 75 சுற்றின் வலி என்னவென்று தெரிந்தவர். பஞ்சை எறிந்தவரின் கை அந்த அனுபவத்தில் பழகிய கை என்பது தற்செயல் அல்ல. பின்னாளிலும் நல்ல நேரத்தில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மேடையின் கொடுமையைக் கண்கூடாகப் பார்த்தவர்களே.

இதற்குள் விளையாட்டின் இலக்கணமே மாறிவந்தது. ஜான் கிரகாம் சேம்பர்ஸ் எழுதி, குயீன்ஸ்பரி பிரபுவின் பெயரால் 1867இல் வெளியான விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் தாமே எழ 10 வினாடி என்ற இன்றைய அமைப்பு அங்கிருந்து வந்தது. நாகரிகமான மாற்றமாகத்தான் இதை உலகம் கொண்டாடியது. ஆனால் பழைய முறையில் விழுந்தவருக்குக் கிடைத்த அரை நிமிட ஓய்வு புதிய முறையில் போய்விட்டது. 10 வினாடிக்குள் எழுந்து மறுபடி அடி வாங்க வேண்டும். கையுறை விரல் எலும்புகளைக் காத்ததால், முன்பு தலையெலும்பில் குத்தத் தயங்கியவர்கள் தயங்காமல் குத்தினார்கள். சுற்று நடக்கும்போது மேடைக்குள் இருக்கத் துணையாட்களுக்கு உரிமையில்லாமல் போனது. அவர்கள் கயிற்றுக்கு வெளியே போனார்கள். அங்கிருந்து செய்தி சொல்லப் பஞ்சுக்குப் பதிலாகத் துண்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வழக்கமாயிற்று.

புதிய நூற்றாண்டின் முதல் பெரும் சண்டைகள் சில இப்படித்தான் முடிந்தன. 1910 ஜூலை 4 அன்று ரீனோவில், ஓய்வு பெற்றிருந்து, கடைசிச் சண்டைக்கு ஏறத்தாழ ஆறாண்டுகள் கழித்து, உடம்பில் ஏறியிருந்த எடையைக் கடும்பாடுபட்டுக் குறைத்துக்கொண்டு, ஜிம் ஜெஃப்ரீஸ் மீண்டும் மேடையேறினார். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனை வீழ்த்த ஒரு வெள்ளையர் வேண்டும் என்ற வெறி அவரைப் பண்ணையிலிருந்து இழுத்துவந்திருந்தது. விலகியவரை மற்றவர்கள் விலக விடாமல் இழுத்துவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பகல் சான்று. அதுவரை ஒருமுறைகூட வீழ்ந்திராத ஜெஃப்ரீஸ் 15ஆவது சுற்றில் மீண்டும் மீண்டும் வீழ்ந்தார். பத்து எண்ணி முடிக்கும் அவமானம் நேராமல் அவருடைய ஆட்களே நிறுத்தினார்கள். 1919இல் டொலீடோவில் ஜாக் டெம்ப்சி முதல் சுற்றிலேயே ஜெஸ் வில்லார்டை ஏழுமுறை வீழ்த்தினார். மூன்று சுற்றுக்குப் பின் வில்லார்டின் மூலை சரணடைந்தது.

ஆனால் துண்டுக்குச் சட்டத்தில் எல்லா இடத்திலும் மதிப்பு இருந்ததாக எண்ணிவிடக்கூடாது. 1938 ஜூன் 22 அன்று நியூயார்க்கில் ஜோ லூயிஸின் குத்துகளில் மாக்ஸ் ஷ்மெலிங் சரிந்தபோது அவருடைய பயிற்சியாளர் துண்டை வீசினார். நியூயார்க் மாநில விதி அதை ஏற்காது. நடுவர் ஆர்தர் டொனோவன் துண்டை எடுத்துக் கயிற்றின் பக்கம் எறிந்துவிட்டு, பிறகு தாமாகவே சண்டையை நிறுத்தினார். இன்றும் பல இடங்களில் துண்டு என்பது நடுவருக்கு விடுக்கும் வேண்டுகோள்தான், முடிவு அவருடையது. பந்தயத்தில் பணம் புரளும் விளையாட்டில், மூலையில் இருப்பவரே விலைபோய்த் துண்டை வீசிவிடலாம் என்ற ஐயம் அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு.

அந்த ஐயத்தைவிடப் பெரிய கேடு, துண்டு வராமல் போவது. 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பென்னி பாரெட் எமில் கிரிஃபித்தோடு மோதினார். அதற்கு மூன்றரை மாதம் முன்புதான் ஜீன் ஃபுல்மரிடம் பாரெட் கடுமையாக அடிவாங்கி வீழ்ந்திருந்தார். அவரை அவ்வளவு விரைவில் மேடையேற்றியிருக்கவே கூடாது. 12ஆவது சுற்றில் மூலையில் சிக்கிய அவர்மீது குத்துமழை பொழிந்தது; மூலையும் நடுவரும் தாமதித்தார்கள்; தொலைக்காட்சி அதை வீடுதோறும் காட்டியது. பத்து நாள் நினைவின்றிக் கிடந்து பாரெட் இறந்தார். மறு ஆண்டு மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் டேவி மூர், சுகர் ராமோஸிடம் பத்துச் சுற்று தாக்குப்பிடித்தபின் அவருடைய தரப்பு விலகியது. மூர் செய்தியாளர்களிடம் பேசினார், பிறகு மயங்கினார், சில நாளில் இறந்தார். துண்டு வந்தும் உயிர் தப்பவில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக் கூ 14ஆவது சுற்றில் வீழ்ந்து, சில நாளில் உயிரிழந்தார். அதன் பிறகு உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டச் சண்டைகளை 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைத்தது; மற்ற அமைப்புகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைப் பின்பற்றின. மூலையில் நிற்பவரின் தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று விளையாட்டு இப்படித்தான், ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒப்புக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு ஏன் அவ்வளவு கடினம் என்பதைப் புரிந்துகொள்ள 1964 பிப்ரவரி 25 இரவின் மயாமி மேடை போதும். 22 வயதுக் காசியஸ் கிளே, பின்னாளின் முகமது அலி, சாம்பியன் சோனி லிஸ்டனோடு மோதினார். நான்காவது சுற்று முடிந்து மூலைக்கு வந்த கிளேவின் கண்கள் எரிந்தன; எதுவும் தெரியவில்லை. கையுறையை அறுத்துவிடுங்கள் என்று அவர் கத்தினார். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணைக் கழுவினார், எழுப்பினார், விலகி ஓடு என்று சொல்லி உள்ளே தள்ளினார். ஐந்தாவது சுற்றில் பெரும்பகுதி கிளே பார்வையில்லாமல் ஓடித் தப்பினார். பிறகு கண் தெளிந்தது. ஆறாவது சுற்றுக்குப் பின் தோள் வலிக்கிறது என்று லிஸ்டன் இருக்கையைவிட்டு எழவில்லை. ஒரே மேடையில், சில நிமிட இடைவெளியில், இருவருமே விலக நினைத்தார்கள். ஒருவருடைய மூலை அனுமதிக்கவில்லை. அவர் உலக சாம்பியன் ஆனார். எரியும் கண் கழுவினால் தெளியும். தொடர்ந்த அடியால் மூளையில் கசியும் இரத்தத்தைக் கழுவ முடியாது. ஒரு நிமிட ஓய்வுக்குள் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் மூலையில் நிற்பவரின் தொழில். ஊக்கப்படுத்துவதும் நிறுத்துவதும் எதிரெதிர் வேலைகள் போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் வேண்டியது அந்த ஒரே பார்வைதான்.

டண்டியின் தொழில்வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டையும் பார்க்கலாம். 1981 செப்டம்பர் 16 அன்று தாமஸ் ஹேர்ன்ஸிடம் புள்ளிகளில் பின்தங்கி, ஒரு கண் வீங்கியிருந்த சுகர் ரே லெனர்டை, 12ஆவது சுற்றுக்குப் பின் அவர் கடிந்துகொண்டார். வெற்றியை நீயே கைநழுவ விடுகிறாய் என்பது அந்தக் கண்டிப்பின் சாரம். லெனர்ட் 14ஆவது சுற்றில் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டில் இதே டண்டி என்ன செய்தார் என்பதைச் சொல்லும் முன் மணிலாவுக்குப் போக வேண்டும்.

1975 அக்டோபர் 1. அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் மூன்றாவது சண்டை. பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சிக்காக அல்ல, அமெரிக்க இரவுக்கு ஏற்றபடி காலையில் நடத்தப்பட்டது. அரங்குக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. 14 சுற்றில் ஃப்ரேசியரின் வலக்கண் முழுதும் மூடிவிட்டது. இடக்கண்ணில் முன்பிருந்தே பார்வைக் குறை. அலியின் வலக்கைக் குத்து வருவதே அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் எடி ஃபட்ச் இளமையில் டெட்ராய்ட்டில் ஜோ லூயிஸோடு பயிற்சிக் குத்து குத்தியவர். இதயக் கோளாறு கண்டறியப்பட்டதால் தொழில்முறை வீரராகாமல் போனவர். மேடையில் வீரர்கள் இறப்பதைக் கண்ணால் கண்டவர். மூன்றே நிமிடம்தான் மீதி. எதிர்மூலையில் அலியும் சக்கையாகப் பிழியப்பட்டுக் கிடந்தார். ஃப்ரேசியர் எழ முயன்றார், வேண்டாம் என்று மறுத்தார். ஃபட்ச் அவரை உட்காரவைத்து, நீ இன்று செய்ததை உலகம் மறக்காது என்று ஆறுதல் சொல்லி, நடுவரிடம் முடிந்தது என்றார். அந்த ஒரு சுற்று போயிருந்தால் ஃப்ரேசியர் வென்றிருப்பாரா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. ஃபட்ச் அந்த வாதத்தைப் பொருட்படுத்தியதில்லை. ஃப்ரேசியருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. குத்துச்சண்டையில் இதைவிடத் துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வீரர் தாமே விலகினால் உலகம் இப்படிக் கனிவாக இருப்பதில்லை. 1980 நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸில் எட்டாவது சுற்றின் நடுவே பனாமாவின் ரோபெர்த்தோ துரான், லெனர்டுக்கு முதுகைக் காட்டிக் கையசைத்து விலகினார். அந்த நிமிடம்வரை அச்சமறியாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். சொந்த நாட்டிலேயே புறமுதுகிட்டவராகத் தூற்றப்பட்டார். ஆனால் அவருடைய கதை அங்கே முடியவில்லை. 1983இல் தம் 32ஆவது பிறந்தநாளில் இன்னொரு எடைப்பிரிவின் உலகப் பட்டத்தையும், 1989இல் ஐரன் பார்க்லியை வென்று மிடில்வெயிட் பட்டத்தையும் கைப்பற்றினார். ஒரு சண்டையில் விலகுவதும் விளையாட்டைவிட்டே விலகுவதும் ஒன்றல்ல. ஓர் இரவு பின்வாங்கியவருக்கு எட்டு ஆண்டு கழித்தும் பட்டம் கிடைத்தது.

விளையாட்டைவிட்டே விலகும் வேளை வரும்போதுதான் இந்த வழக்கத்தின் குறை புலப்படுகிறது. ஒரு சண்டைக்கு ஒரு மூலை உண்டு. ஒரு வாழ்க்கைக்கு அப்படி யாரும் நிற்பதில்லை. ராக்கி மார்சியானோ 1956இல், ஆடிய 49 சண்டையும் வென்ற நிலையில் ஓய்வு பெற்று, மறுபடி திரும்பவில்லை. அவர் விதிவிலக்கு. 1949இல் சாம்பியனாகவே ஓய்வு பெற்ற ஜோ லூயிஸை வரிக்கடன் மறு ஆண்டே மேடைக்கு இழுத்தது. எஸர்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில் மார்சியானோ அவரைக் கயிற்றுக்கு வெளியே விழக் குத்தினார்.

அலியின் கதை சென்னைக்கும் கொஞ்சம் சொந்தமானது. 1979இல் ஓய்வை அறிவித்திருந்த அவர் 1980இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். முதல்வர் எம்.ஜி.ஆர் அவரை வரவேற்றார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகக் குத்துச்சண்டை வளர்த்த வடசென்னைக்கு அது பெருநாள். அன்று மேடையில் விளையாட்டாகக் குத்திக்கொண்ட இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 1970 பிப்ரவரியில் எல்லிஸ் ஃப்ரேசியரோடு மோதியபோது, நான்காவது சுற்றில் இருமுறை வீழ்ந்த அவரை ஐந்தாவது சுற்றுக்கு அனுப்ப மறுத்து நிறுத்தியவர் டண்டி. சென்னையில் ஆடிய அதே 1980இல், அக்டோபர் 2 அன்று, 38 வயதில் ஓய்வை முறித்து லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு மோதிய அலியைப் பத்தாவது சுற்றின் முடிவில் நிறுத்தியவரும் டண்டிதான். அலியின் நெருங்கிய உதவியாளர் பண்டினி பிரவுன் இன்னொரு சுற்று கேட்டு மன்றாடினார். தலைமைப் பயிற்சியாளர் நான் என்று டண்டி உறுதியாக நின்றார்.

அந்த நிறுத்தம் ஓர் இரவைத்தான் காத்தது. அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ 1977இலேயே, எச்சரிக்கையை யாரும் கேட்காததால், அலியின் கூடாரத்தைவிட்டு விலகியிருந்தார். ஹோம்ஸுக்குப் பின்னும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு அலி மோதித் தோற்றார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்கூறுகள் கண்டறியப்பட்டன.

இப்போது மேடையருகே மருத்துவர் இருக்கிறார். வீழ்ந்தவர் குறிப்பிட்ட காலம் ஆடக்கூடாது என்ற தடை இருக்கிறது. உரிமம் தர மறுக்க ஆணையங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனாலும் துண்டைச் சுற்றிய சண்டை ஓயவில்லை. 2020 பிப்ரவரி 22 அன்று லாஸ் வேகாஸில் டைசன் ஃப்யூரியிடம் அடிவாங்கி, காதிலிருந்து இரத்தம் வடிய நின்ற டியான்டே வைல்டருக்காக, ஏழாவது சுற்றில் மார்க் பிரீலாண்ட் துண்டை வீசினார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் பிரீலாண்ட். அவருடைய முடிவை வைல்டர் ஏற்கவில்லை. வீரனாகவே விழ விரும்பியதாகச் சொன்னார். அந்த ஆண்டிலேயே பிரீலாண்டை நீக்கினார். 2021 அக்டோபரில் வைல்டரும் ஃப்யூரியும் மறுபடி மோதினார்கள். வைல்டர் ஃப்யூரியை இருமுறை வீழ்த்தினார், தாமும் வீழ்ந்தார், கால் தள்ளாடிய பிறகும் பல சுற்று நின்றார். இம்முறை மூலையிலிருந்து துண்டு வரவில்லை. 11ஆவது சுற்றில் நாக் அவுட் ஆகி விழுந்தார்.